நாலரை மணிக்கே எழுதிய ஆறு மணி

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் போகிற சின்ன ஆஸ்பத்திரி. நான் தேடி அலைந்தது வேறு. படுத்த படுக்கையாகிவிட்டவரை ராப்பகலாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். போர்டில் எல்டர் கேர், அசிஸ்டட் லிவிங் என்று விதவிதமாக எழுதியிருப்பார்கள். எங்கள் அத்தை எல்லாவற்றையும் ‘ஹோம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சொல்லும்போதே குரல் தணிந்துவிடும், பக்கத்து வீட்டில் கேட்டுவிடுமோ என்று.

அப்பாவுக்கு 81 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக மறதி நோய். போன ஆண்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் அவர் மறுபடி நடக்கவில்லை. வீட்டோடு வைத்துப் பார்க்க ஏஜென்சி அனுப்பிய ஆட்கள் ஐந்து மாதத்தில் ஒன்பது பேர் மாறினார்கள். அம்மா இல்லை. தம்பி மெல்போர்னில். நான் வங்கியில், அதிலும் கிளை கிளையாகப் போய்த் தணிக்கை பார்க்கிற வேலையில். இனி வேறு வழியில்லை என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

தாம்பரம், கேளம்பாக்கம், பூந்தமல்லி என்று ஏழு இடங்கள் பார்த்தேன். மாதம் 35,000 முதல் 65,000 வரை சொன்னார்கள். டயப்பர், மருந்து, பிசியோதெரபி எல்லாம் தனி. முதல் சுற்றில் நான் எதையெல்லாம் பார்த்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. லிஃப்ட், ஏசி, தோட்டம், சிசிடிவி, சுவரில் ஒட்டிய சாப்பாட்டு அட்டவணை. வீட்டுக்கடனுக்குக் கட்டடத்தை மதிப்பிடுகிற மாதிரி மதிப்பிட்டிருக்கிறேன். பதிவுச் சான்றிதழைக் கேட்டேன், அந்த மட்டும் சரி. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-ல் வந்த சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏழில் நான்கு பேர் எடுத்துக் காட்டினார்கள், இரண்டு பேர் ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்றார்கள், ஒருவர் காபி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றினார். அந்தக் காகிதம் இல்லாத இடத்தைக் கழித்துக்கட்ட அது போதும். இருக்கிற இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவை யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள் என்று அதில் எழுதியிருக்காது.

முதலில் சேர்த்த இடம் பளிங்குத் தரை. பெயர் வேண்டாம். வரவேற்பறையில் பினாயில் வாடைகூடக் கிடையாது, எலுமிச்சைப்புல் வாசனைதான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போவேன். அப்பா சவரம் செய்து, பவுடர் பூசி, சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருப்பார். உடனே தம்பிக்கு வீடியோ கால். ஒன்று மட்டும் உறுத்தியது. எப்போது போனாலும் கண் சொருகிக்கொண்டே இருப்பார். மறதி முற்றுகிறது என்றார்கள். நம்பினேன்.

ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை, அந்தப் பக்கத்துக் கிளையில் வேலை. முடித்துவிட்டு, போன் செய்யாமல் சாயங்காலம் நாலரைக்குப் போய் நின்றேன். அப்பா மல்லாக்கப் படுத்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் அட்டையில் செருகிய சார்ட் தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுத வேண்டியது. 2 மணி இடது, 4 மணி வலது, 6 மணி மல்லாக்க. ஆறு மணிக் கட்டத்திலும் கையெழுத்து விழுந்திருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்ட கையெழுத்துகள். கிளைகளில் பணப் பெட்டகப் பதிவேட்டில் இந்த மாதிரிக் கையெழுத்தைக் கண்டால் உடனே அறிக்கையில் எழுதுகிறவள் நான். அப்பாவின் கட்டிலில் அதைப் பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அன்று ராத்திரி பில்லை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவரை மொத்தத் தொகையைப் பார்த்துப் பணம் அனுப்பியதோடு சரி. மருந்துக்கடை பில்லில் குவெட்டியபின் என்று ஒரு மாத்திரை. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லை. மனநோய்க்கான மருந்து. ராத்திரியில் சத்தம் போடுகிற மறதி நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள். இந்த வகை மருந்துகள் மறதி நோய் வந்த முதியவர்களுக்கு இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரிக்கை போட்டிருக்கிறது. கொடுக்கவே கூடாது என்றில்லை, சிலருக்குத் தேவைப்படும் என்று எங்கள் டாக்டரே சொன்னார். ஆனால் வீட்டாரிடம் சொல்ல வேண்டும், குறைந்த அளவில் தொடங்க வேண்டும், எப்போது நிறுத்திப் பார்ப்பது என்றும் பேசிக்கொள்ள வேண்டும். இங்கே யாரைக் கேட்டாலும் ‘டூட்டி டாக்டர் எழுதினது மேடம்’. அவர் வாரத்தில் ஒருநாள் வருபவர்.

அதே பில்லில் டயப்பர், மாதத்துக்கு 40. ஒரு நாளைக்கு ஒன்றரைகூட வரவில்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அழுதேன். பில் ஏறினால் கேள்வி கேட்கத் தெரிந்த எனக்கு, குறைந்தால் சந்தேகப்படத் தெரியவில்லை.

மறுநாள் அத்தையைக் கூட்டிப் போனேன். அப்பாவின் தங்கை. 74 வயது. மாமியாரை எட்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். அங்கே யாரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. போர்வையை விலக்கி, அப்பாவின் குதிகால் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். அப்புறம் ஒருக்களிக்க வைத்து, முதுகுத்தண்டு முடிகிற இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் வெளுத்துப் பிறகு பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. அப்பா நல்ல கறுப்பு, சிவந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அத்தை புறங்கையை வைத்துப் பார்த்தார். “இங்க மட்டும் கொதிக்குது. தொட்டுப் பாரு, கல்லாட்டம் இருக்கு” என்றார். காற்று மெத்தை போட்டிருந்தார்கள், அதற்கு வாடகை எங்கள் பில்லில் தனியாக. மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டாரின் பிளக் கழன்று தரையில் கிடந்தது. அந்த பாயிண்டில் யாருடைய செல்போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

சண்டை, கெஞ்சல், மிரட்டல் எல்லாம் நடந்தது. முன்பணத்தில் பாதி வந்தது. மூத்த குடிமக்களுக்கு 14567 என்று ஓர் உதவி எண் இருப்பதும், இந்த மாதிரிப் புகாரை அங்கே சொல்லலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது சுற்றுக்கு அத்தைதான் தலைமை. அவர் போட்ட முதல் நிபந்தனை, இருட்டின பிறகு போக வேண்டும். இரவு ஏழரைக்குப் போவோம். மற்றவர்கள் தூங்குகிற நேரம், நாளைக்கு வாருங்கள் என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. இத்தனை மணிக்கு வரலாம் என்று சொல்லி, அறைக்கு வெளியிலாவது நிற்கவிட்டால் சரி. எந்த நேரத்திலும் முன்கூட்டிச் சொல்லாமல் வரக் கூடாது என்ற இடங்களை அத்தை அங்கேயே கழித்துவிட்டார்.

உள்ளே போனால் அவர் கட்டடத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை, ஏற்கெனவே அங்கே இருக்கிறவர்களைத்தான் பார்ப்பார். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, தண்ணீர் டம்ளர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா. மூத்திரப் பை தரையில் புரள்கிறதா. மணிக்கட்டில் துணியால் கட்டின தடம் யாருக்காவது உண்டா. ஓரிடத்தில் இருந்தது. டியூபைப் பிடுங்கிவிடுவார் என்று காரணம் சொன்னார்கள். எல்லாவற்றையும்விட, சாப்பாடு ஊட்டுவதை நின்று பார்ப்பார். படுத்தவாக்கில் ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வரும். உட்கார வைத்து ஊட்ட வேண்டும். டியூப் வழியாகக் கொடுத்தாலும் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, முடிந்து அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் படித்தவர்களுக்கும் தெரிவதில்லை. அத்தைக்கு டிகிரி கணக்கு தெரியாது, “ரெண்டு தலகாணி ஒசரம்” என்பார்.

என் பங்குக்கு நான் பதிவேடுகளைக் கேட்டேன். எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று கேட்டால் எல்லோரும் நல்ல பதிலாகவே சொல்கிறார்கள். இன்று ராத்திரி யார் டூட்டி, அவர்களை இப்போது பார்க்கலாமா என்று கேட்டால்தான் உண்மை வரும். ஓரிடத்தில் 22 பேருக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் நர்ஸ் இல்லை. ஜிஎன்எம் என்ற மூன்று வருட நர்சிங் படிப்பு படித்தவர் ராத்திரியில் ஒருவராவது இருக்கிறாரா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். மாதாமாதம் எடை எழுதுகிறார்களா என்று பார்த்தேன். விழுந்தவர்களைப் பற்றிய பதிவேட்டையும் கேட்டேன். இரண்டு இடங்களில் ‘எங்ககிட்ட யாரும் விழுந்ததே இல்ல’ என்று பெருமையாகச் சொன்னார்கள். முப்பது முதியவர்கள் இருக்கிற இடத்தில் வருடம் முழுக்க ஒருவர்கூட விழவில்லை என்றால் எழுதவில்லை என்று அர்த்தம். குறையே இல்லாத கிளையைத்தான் நான் இரண்டு தரம் ஆடிட் செய்வேன்.

கடைசியில் எடுத்தது தாம்பரம் பக்கம் ஒரு பழைய வீடு. மொசைக் தரை, சுவரில் காரை பெயர்ந்திருந்தது. போன உடனே மூத்திர வாடை அடித்தது. நான் திரும்பிவிடலாம் என்றேன். “படுத்தவங்க இருக்கிற எடத்துல வாடை வரத்தான் செய்யும். அரைமணி கழிச்சும் இருக்கான்னு பாரு” என்று அத்தை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அரைமணி கழித்து இல்லை. மேலாளர் கேட்டதும் பதிவேட்டை நீட்டினார், இரண்டு மாதத்தில் மூன்று பேர் விழுந்திருந்தார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, வீட்டாருக்கு எப்போது போன் செய்தோம் என்று வெவ்வேறு கையெழுத்துகளில், வெவ்வேறு பேனாக்களில். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் ஒரு பாட்டிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தான். முந்தின வாய் இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து அடுத்த வாய் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல் இருக்கும். ‘வலிக்குதா’, ‘தண்ணி’ இரண்டும் அதில் உண்டு.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. எடை 46-லிருந்து 48.5 கிலோ. டயப்பர் மாதம் 120 வருகிறது, சந்தோஷமாகக் கட்டுகிறேன். குறைகளும் இருக்கின்றன. சாம்பாரில் உப்பு தூக்கல், இரண்டு வேட்டிகள் காணோம். மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார், அதனால் அப்பா ராத்திரியில் விழித்துக்கொண்டு “யாருப்பா டிக்கெட் வாங்காதது?” என்று குரல் கொடுக்கிறார். அந்தப் பையன் எழுந்து வந்து கையை நீட்டுவானாம். அப்பா பழைய செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுவாராம்.

இப்போது கவலை தீபாவளி. பொங்கலுக்கு உள்ளூர் ஆட்கள் போனால் வெளிமாநிலத்து ஆட்கள் இருப்பார்கள். தீபாவளிக்கு இரண்டு பக்கமும் கிளம்பிவிடும். அந்த மூன்று ராத்திரிக்கும் யார் டூட்டி என்று எழுதித் தரச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன். இரண்டு ராத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். நானே வந்து படுத்துக்கொள்ளட்டுமா என்றேன். பாய் இருக்கிறது, தலையணை மட்டும் கொண்டுவாருங்கள் என்றார்.