பத்து நிமிஷத்துக்கு ஒரு ட்யூப்

மார்ச் 4, செவ்வாய்

நாளைக்குக் காலைல 8 மணிக்கு ஆரம்பிக்கிறோம். 24 மணி நேரம், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுக்கணும், மொத்தம் 145 ட்யூப், தடவைக்கு 2 மில்லின்னு வச்சாலே 290 மில்லி ஆயிடுது, ரத்த தானத்துல எடுக்குறதுக்குக் கிட்டக்க வந்துடும், அதனால ஒரு ட்யூப் கூட வீணாகிடக் கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது.

இந்த ஆராய்ச்சில பார்க்கப்போறது ஏசிடிஹெச், கார்டிசோல்னு ரெண்டு ஹார்மோன. மூளைக்கு அடியில இருக்க பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஹெச்ச விட்டு விட்டு, துடிப்பு துடிப்பாத் தள்ளும், கிட்னி மேல உக்காந்திருக்க அட்ரீனல் சுரப்பி அது வந்து தட்டினப்புறம்தான் கார்டிசோல விடும், சுமார் பத்து நிமிஷம் பிந்தி. ரெண்டும் நிஜமாவே சேர்ந்து துடிக்குதான்னு அளக்கணும்.

மார்ச் 6, வியாழன்

விடிகாலை 3.20க்கு கேனுலா, அதான் ரத்தம் எடுக்க நரம்புல சொருகி வச்ச குழாய், அடைச்சுக்கிச்சு. வாலண்டியர் நல்ல தூக்கத்துல இருக்காரு, எழுப்பினா அந்தப் பதட்டத்துலயே கார்டிசோல் ஏறிடும், லைட்டும் போட முடியாது. டார்ச்ச உள்ளங்கையில பொத்திப் பிடிச்சுக்கிட்டு நான் நிக்க, சிஸ்டர் அவர் முழங்கைய மெல்ல மெல்ல நேராக்கி, சொட்டு சொட்டா சலைன் விட்டுப் பார்த்தாங்க. 3.40க்குத்தான் ரத்தம் வந்துச்சு. ரெண்டு ட்யூப் போச்சு, அதுவும் கார்டிசோல் ஏற ஆரம்பிக்குற நேரத்துல. மத்ததெல்லாம் ஐஸ்ல வச்சு கூல் சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டாச்சு.

மார்ச் 27, வியாழன்

ரிசல்ட் வந்துடுச்சு, கிராஃப்ல சிகரத்துக்குச் சிகரம் ஒத்துப்போற மாதிரி இருந்துச்சு, ஓடிப்போய் மேடம்கிட்ட காட்டினேன். "இதுல எத்தனை தற்செயல்ப்பா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க.

உக்காந்து கணக்குப் போட்டேன். ரெண்டுலயும் 15 துடிப்பு. முன்ன பின்ன ஒரு ட்யூப் தள்ளி வந்தாலும் ஒத்துப்போச்சுன்னு விட்டுக்குடுத்தா ஒரு துடிப்பு மூணு இடத்த அடைக்குது, 15க்கு 45 இடம், 145ல கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு. அப்போ சம்பந்தமே இல்லாத ரெண்டு ஹார்மோன வச்சாலும் நாலஞ்சு தானா ஒத்துப்போகும். ரெண்டு ட்யூப் விட்டுக்குடுத்தா ஏழெட்டு! கண்ணால பார்த்துட்டு "சேர்ந்து வருது"ன்னு சொல்றது எவ்வளவு ஆபத்துன்னு இன்னைக்குத்தான் உறைச்சுச்சு.

இன்னொரு சிக்கல், கார்டிசோல் ரத்தத்துல பாதியாக் குறையவே ஒரு மணி நேரம் மாதிரி ஆகும், அதுக்குள்ள அடுத்த துடிப்பு அது மேலயே ஏறிடும். அதப் பிரிச்செடுக்கத்தான் டீகன்வல்யூஷன், 1987ல வெல்துயிஸ், ஜான்சன் குழு போட்டுக் காட்டின கணக்கு, அளவ வச்சு சுரப்ப பின்னோக்கிக் கண்டுபிடிக்குறது. எவ்வளவு அழகான யோசனை.

ஏப்ரல் 2, புதன்

டீகன்வல்யூஷன் பண்ணி, அந்தப் பத்து நிமிஷப் பிந்தலுக்காக கார்டிசோல ஒரு ட்யூப் முன்னாடி நகர்த்தி ஒப்பிட்டேன், 15ல 13 ஒத்துப்போச்சு. அப்புறம் தற்செயலா எத்தனை ஒத்துப்போகுதுன்னு பார்க்க கார்டிசோல் துடிப்புகள 1000 தடவை கலைச்சுக் கலைச்சுப் போட்டுப் பார்த்தேன், ஒத்துப்போனது ஒரு தடவை கூட 10ஐத் தாண்டல. கை நடுங்கிடுச்சு எனக்கு.

ஜோடி கிடைக்காத ரெண்டு ஏசிடிஹெச் துடிப்புல ஒண்ணு 3.10ல இருக்கு. அதுக்கான கார்டிசோல் வந்திருக்க வேண்டிய இடம் 3.20. அடுத்த ஆள் செவ்வாய்க்கிழமை வர்றாரு, ராத்திரி பூரா ஒவ்வொரு ட்யூபுக்கு அப்புறமும் சலைன் விடணும்னு சிஸ்டர்கிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன்.