கர்ல்ஸ் எழுத்துருவுக்கு ஆதரவாக நான்கு வார்த்தை

வேர்டில் எழுத்துருப் பட்டியலை உருட்டிக்கொண்டே போனால் கர்ல்ஸ் எம்டி என்று ஒன்று தட்டுப்படும். நுனியெல்லாம் சுருண்டு, ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் ஆடினாற்போல நிற்குமே, அதுதான். டிசைன் வேலை பார்ப்பவர்களிடம் அதன் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். எனக்கென்னவோ பிடிக்கும்.

1995-இல் மோனோடைப் என்கிற எழுத்துரு நிறுவனத்துக்காக கார்ல் கிராஸ்குரோவும் ஸ்டீவ் மேட்டசனும் சேர்ந்து வரைந்தது இது. மேட்டசன் வேறு என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தால்தான் வேடிக்கை: ஆண்ட்ராய்டு வந்த புதிதில் போன் திரையில் இருந்த டிராய்டு சான்ஸ், இன்று எத்தனையோ இணையதளங்களில் நாம் படிக்கிற ஓப்பன் சான்ஸ், இந்த இரண்டு எழுத்துருக்களும் அவருடையவைதான். எழுத்து இருப்பதே தெரியாமல் படித்துக்கொண்டு போக வேண்டும் என்று மெனக்கெடுகிற மனிதர், ‘என்னைப் பார்’ என்று குதிக்கிற இதையும் வரைந்திருக்கிறார். அதனால் வரையத் தெரியாதவன் கிறுக்கியது என்கிற பேச்செல்லாம் எடுபடாது.

சிக்கல் நாம் அதைப் பயன்படுத்துகிற விதத்தில் இருக்கிறது. குழந்தையின் பெயர், கேக் கடைப் பலகை, பிறந்தநாள் பேனரில் ஒரே ஒரு சொல், இதற்கெல்லாம் அருமையாக இருக்கும். ஆனால் தேதி, நேரம், மண்டப முகவரி, ‘குடும்பத்துடன் வருக’ வரைக்கும் அதிலேயே போட்டுவிட்டு அப்புறம் படிக்க முடியவில்லை என்றால் எழுத்துரு என்ன செய்யும்? அளவைக் குறைத்தால் சுருளுக்குள் இருக்கிற வெற்றிடம் அடைத்துக்கொள்கிறது, எது எழுத்தின் உடம்பு எது அலங்காரம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. என் கணக்கில் 36 பாயிண்டுக்குக் கீழே போகவே கூடாது. முழுக்க ஆங்கிலக் கேப்பிட்டல் எழுத்தில் அடிப்பது இன்னும் மோசம், பக்கத்துப் பக்கத்துச் சுருள்கள் முட்டிக்கொள்ளும். போல்டு பொத்தானையும் தொடாதீர்கள், இதற்குத் தனியாகப் போல்டு வரையப்படவில்லை. வேர்ட் தானாகக் கோட்டைத் தடிமனாக்கிக் காட்டும், சுருள் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். ஸ்டிக்கர் வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மெல்லிய நுனிகள் உரிக்கும்போதே கிழியும், பெரிதாக வெட்டுங்கள்.

கூடவே வருகிற விவரங்களுக்கு அலங்காரமே இல்லாத ஒரு எழுத்துருவைப் போட்டால் போதும். மேட்டசனின் ஓப்பன் சான்ஸையே போடலாம், ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

தமிழ்ப் பெயரை இதில் அடிக்கப் பார்க்காதீர்கள். இதில் தமிழ் எழுத்துகள் கிடையாது, விண்டோஸ் சத்தமில்லாமல் லதா, நிர்மலா மாதிரி வேறொரு தமிழ் எழுத்துருவைக் கொண்டுவந்து வைத்துவிடும். தமிழில் இந்தக் குதூகலம் வேண்டுமென்றால், வீட்டில் யாருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறதோ அவரிடம் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லி, படம் எடுத்து ஒட்டிவிடுங்கள். ஒரு பெயர்தானே, ஐந்து நிமிஷ வேலை.