குடம் சுமக்கும் பெண்ணுக்காக ஒரு தேடல்

தலையில் குடம் வைத்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடி நிற்கும் பெண்ணை வரைய வேண்டும். அப்படி அரை மணி நேரம் நிற்க வீட்டில் யாரால் முடியும்? அதனால் கணினியில் மனித உருவத்தை விரும்பியபடி நிறுத்திப் பார்க்கும் மென்பொருள்களைப் பத்து நாட்களாக முயன்று பார்த்தேன்.

1995-இல் போசர் என்ற மென்பொருள் வந்த காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு. இன்று டாஸ் ஸ்டுடியோவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிளெண்டரும் இலவசம்தான், ஆனால் அதைக் கற்பதே தனிப் படிப்பு. கிளிப் ஸ்டுடியோ பெயிண்டில் நாம் வரையும் பக்கத்திலேயே உருவத்தை வைத்துத் திருப்பலாம்.

நான் வைத்த சோதனை ஒன்றுதான்: கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தோள் என்ன ஆகிறது? நம் உடம்பில் கழுத்தடியிலிருந்து தோள்வரை செல்லும் காறை எலும்பு மேலெழும்பும், தோள்பட்டை எலும்பும் சேர்ந்து திரும்பும். பல உருவங்களில் கை மட்டும் கதவுபோலச் சுழல்கிறது. அதைப் பார்த்து அப்படியே வரைந்தால் மரப்பாச்சிதான் வரும்.

பாரமும் அப்படித்தான். ஒரு காலை ஊன்றி நின்றால் அந்தப் பக்க இடுப்பு உயர்ந்து, அதே பக்கத் தோள் தாழும். பெரும்பாலும் அதை நாமே கையால் சாய்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் கிளிப் ஸ்டுடியோவையே தேர்ந்தெடுத்தேன். கேமராவைத் தரைவரை இறக்கி, ஒளியை இடப்பக்கம் திருப்பியபோது, இடுப்பின் வளைவில் வெளிச்சமும் நிழலும் பிரிந்த இடத்தைப் பார்த்துச் சிலிர்த்துப்போனேன். குடத்தின் விளிம்பைப் பற்றும் விரல்கள் மட்டும் இன்னும் பாக்கி. நாளைக் காலை அம்மாவிடம் ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன்.