பெயரில் ஒரு எழுத்து: வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை கொழும்பு வியட்நாம் தூதரகத்தில் என் கடவுச்சீட்டை விசாவோடு திருப்பித் தந்தார்கள். வெளியே வந்து வெயிலில் நின்றபடியே என் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்தேன். சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன். செல்டா என்ற ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழின் பெறுபேறு வந்த அன்றுகூட எனக்கு இந்த நிம்மதி வரவில்லை. ஒன்றரை வருடம் என்னை வீட்டில் இருத்தி வைத்தது செல்டாவும் இல்லை, ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் பரீட்சையும் இல்லை. என் பெயரின் முதல் எழுத்து.

அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

நான் வெள்ளவத்தை. உயர்தரம் தமிழ் மொழிமூலம். அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா, வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டம். கொட்டாஞ்சேனையில் ஒரு டியூஷன் நிலையத்தில் ஆறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன்.

முதலில் நாடுகள். சான்றிதழுக்குக் காசு கட்டுவதற்கு முன்பே இதைப் பாருங்கள், ஏனென்றால் சில கதவுகளை எந்தச் சான்றிதழாலும் திறக்க முடியாது.

- தென் கொரியா: ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்ற 7 நாட்டுக் கடவுச்சீட்டுக்குத்தான். எட்டு மாதம் கொரியக் கனவில் இருந்துவிட்டு இதை அறிந்தேன்.
- ஜப்பான்: பாடசாலைகளில் கற்பிப்பதற்கான விசாவுக்கு, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர் 12 வருடம் ஆங்கில மொழிமூலம் படித்திருக்க வேண்டும். எனக்குச் சரிவரவில்லை. சர்வதேசப் பாடசாலையில் படித்தவர்கள் தங்கள் பாடசாலையில் மொழிமூலக் கடிதம் ஒன்றை இப்போதே எடுத்து வையுங்கள்.
- தாய்லாந்து: நொன்-இமிகிரன்ட் பி விசா, பிறகு வேலை அனுமதி. பாடசாலை என்றால் அங்குள்ள ஆசிரியர் சபையின் அனுமதிப்பத்திரம் அல்லது தற்காலிக விலக்கு.
- மாலைதீவு: ஒன்றரை மணி நேரப் பறப்பு. பாடசாலைகள் ஆங்கில மொழிமூலம் என்பதால் நம்மவர்கள் நிறையப் பேர் போகிறார்கள். கல்வியியல் தகைமை உள்ளவர்கள் முதலில் இங்கே பாருங்கள்.
- வியட்நாம்: பட்டம், கற்பித்தல் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, மருத்துவப் பரிசோதனை. என் பட்டம் ஆங்கிலத்தில் இல்லாததால் ஆங்கில மொழித்திறனில் சி1 என்ற உயர் மட்டமும் கேட்டார்கள்.

டிப்ளோமாவோடு நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் அந்த டிப்ளோமாவுக்கு மதிப்பு இருக்கிறது, ஆசிரியர் நியமனமும் கிடைக்கிறது. ஆனால் விசாப் படிவத்தில் 'பட்டம்' என்ற கட்டத்துக்குள் அது பெரும்பாலும் அடங்காது. என்னோடு படித்த ஒரு தோழி என்னைவிட நன்றாகப் படிப்பிப்பவள். அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். எனக்கு ஆறாத கோபம் அது. நம் அரசியலமைப்பிலேயே ஆங்கிலம் இணைப்பு மொழி என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் ஆரம்ப வகுப்புகளில் இருந்தே அதைப் படிக்கிறார்கள். பிறகு ஒரு கந்தோரில் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து, உனக்கு இந்த மொழி தெரியாது என்று தீர்த்துவிடுகிறார்கள்.

சான்றிதழ் விஷயம். இணையத்தில் மலிவாக விற்கும் 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலம் கற்பித்தல்) சான்றிதழ் ஒன்றை முதலில் வாங்கினேன். வினாவிடையை அழுத்தி அழுத்தி ஒன்பது நாளில் முடிந்தது. முதல் நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி: உண்மையான மாணவர்கள் முன்னால், ஒருவர் இருந்து பார்க்க, எத்தனை மணி நேரம் படிப்பித்தீர்கள்? ஒரு மணி நேரமும் இல்லை. செல்டாவும் 120 மணி நேரம்தான். ஆனால் அதற்குள் 6 மணி நேரம் மதிப்பிடப்படும் கற்பித்தல் இருக்கிறது. நீங்கள் செலவழிக்கும் பல லட்சம் ரூபாயும் அந்த 6 மணி நேரத்துக்குத்தான். அக்காவின் காப்பை அடகு வைத்துக் கட்டினேன்.

ஆன்லைனில் பகுதிநேரமாகச் செய்தேன். முதல் பாடம், முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்லும் 'யூஸ்ட் டு'. டியூஷனில் செய்வது போலவே விதியைச் சொன்னேன், உதாரணம் எழுதினேன், திரும்பவும் விளக்கினேன், விளங்குதா என்று கேட்டேன். திரையில் எல்லாத் தலைகளும் ஆடின. பாடம் முடிந்ததும் பயிற்றுநர் ஒரு கணக்கைக் காட்டினார். 45 நிமிடத்தில் நான் பேசியது 31 நிமிடம். துருக்கியில் இருந்து வந்த ஒரு தாதி முழுப் பாடத்திலும் இரண்டே இரண்டு சொற்கள் பேசியிருந்தார். விளங்குதா என்று கேட்டால் யாரும் விளங்கவில்லை என்று சொல்வதில்லை, ஆறு வருடமாக உங்களிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பயிற்றுநர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு அந்த ஆறு வருடப் பிள்ளைகளின் முகங்கள் வந்துகொண்டே இருந்தன.

அடுத்த பாடத்தில் இருந்து, 'அவர் முன்பு சிகரெட் பிடிப்பார்' என்ற வாக்கியத்தைப் போட்டுவிட்டு விளக்கத்தை நிறுத்தினேன். 'இப்போதும் பிடிக்கிறாரா? ஒரு தடவைதான் பிடித்தாரா, பல தடவையா?' என்று மட்டும் கேட்டேன். பதில்கள் வந்தன. டியூஷன் அனுபவம் உள்ளவர்களே, உங்களுக்குச் செல்டாவில் பெரிய எதிரி அந்த அனுபவம்தான். கேள்விகளை முன்னிரவே சொல்லுக்குச் சொல் எழுதி வையுங்கள். மேடையில் நின்று யோசித்துப் பேசக்கூடியவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். நான் எழுதாமல் போன இரண்டு பாடமும் சறுக்கின.

செல்டாவில் எழுத்து வேலைகள் நான்கு. ஒவ்வொன்றையும் ஒரு தடவை திருத்திக் கொடுக்க இடம் உண்டு என்பதால் பயப்படாதீர்கள். 'கற்பவர் மீது கவனம்' என்பதை மட்டும் நான் திரும்ப எழுத வேண்டி வந்தது. கடைசியில் சாதாரண பாஸுக்கு ஒரு படி மேலான பாஸ் பி கிடைத்தது.

ஐஈஎல்டிஎஸ்: மொத்தம் 7.5, எழுத்தில் 6.5. தினமும் ஒரு கட்டுரையைக் கடிகாரம் வைத்து எழுதுவதைத் தவிர வேறு இரகசியம் எனக்குத் தெரியாது. ஆனால் அவசரப்பட்டுப் பரீட்சைக்குப் போகாதீர்கள். பெறுபேறு செல்லுபடியாவது 2 வருடம். நான் எல்லாவற்றுக்கும் முதலில் அதை எழுதினேன். விசா கைக்கு வரும்போது அது காலாவதியாக ஏழு வாரம்தான் மிச்சம் இருந்தது.

இனி பெயர்.

நான் கொழும்பில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கிறது. பெயர் 'வ'வில் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தில் பதியும்போது அதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர் 'டபிள்யூ' போட்டார். அதில் அவர் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை, வெள்ளவத்தையையே நாங்கள் டபிள்யூவில்தானே எழுதுகிறோம். அப்பா கடவுச்சீட்டுக்கு எழுதியபோது 'வி' போட்டார். டிப்ளோமாவில் 'வி' இருக்கிறது, ஆனால் கடைசி எழுத்து 'ஐ'க்குப் பதிலாக 'வை'. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக முழுதாக இருக்கிறது. பட்டத்தில் முன்னால் ஒற்றை முதலெழுத்து மட்டும். ஒரே ஆள், மூன்று பெயர். இருபத்தெட்டு வயது வரை இதை யாரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

வியட்நாமின் டா நாங் நகரில் ஒரு ஆங்கில நிலையம் மாதிரிப் பாடம் பார்த்து என்னை எடுத்தது. ஒப்பந்தம் வந்தது. சுடிதார் துணிகூட வாங்கிவிட்டேன். ஆவணங்களை அனுப்பி பத்தாம் நாள் ஒரு மின்னஞ்சல்: கடவுச்சீட்டில் உள்ளவரும் பட்டத்தில் உள்ளவரும் ஒருவர்தான் என்று அங்குள்ள அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள். புதுக்கடைக்கு ஓடினேன். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, அதை ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். வேலைக்காகவில்லை. ஆறு வாரத்தில் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு பட்டத்தில் பெயர் திருத்தம். விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழின் புதிய மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, நினைவூட்டல் கடிதம், இன்னொரு நினைவூட்டல் கடிதம். ஏழு மாதம். இதற்கிடையில் நான் எடுத்து வைத்த பொலிஸ் அறிக்கை ஆறு மாதத்தைத் தாண்டியது, இரண்டாம் தடவை எடுத்தேன்.

கடவுச்சீட்டை மாற்றலாமே என்று பலர் கேட்டார்கள். எந்தப் பக்கம் ஆவணம் கூட இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஐஈஎல்டிஎஸ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் 'வி' பக்கம். ஆகவே பட்டத்தைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

இன்றைக்கே செய்ய வேண்டியவை:

1. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அடையாள அட்டை, சாதாரண தரம், உயர்தரம், டிப்ளோமா, பட்டம் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள ஆங்கிலப் பெயரை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கையால் எழுதுங்கள். கண்ணால் பார்த்தால் பிடிபடாது. 'டி'யா 'டிஎச்'ஆ, 'வி'யா 'டபிள்யூ'வா, கடைசியில் 'ஐ'யா 'வை'யா, அப்பா பெயர் எங்கே நிற்கிறது.
2. செல்டாவுக்குப் பதியும்போது கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர் கொடுங்கள். சான்றிதழில் அதுதான் அச்சாகும்.
3. மூலச் சான்றிதழ்களை லெமினேட் பண்ணாதீர்கள். உயர்தரச் சான்றிதழை அம்மா ஆசையாக லெமினேட் பண்ணி வைத்திருந்தார். அதில் அத்தாட்சி முத்திரை குத்த முடியாதென்று பரீட்சைத் திணைக்களத்தில் புதிதாக எடுத்தேன்.
4. பொலிஸ் அறிக்கை கடைசியில்.

சான்றிதழ்களுக்கான அத்தாட்சி முத்திரைக்குப் பத்தரமுல்லை சுகுருபாய கட்டடத்தில் 16ஆம் மாடி, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் எடுத்தால் போதும். அங்கே அத்தாட்சி கிடைத்த பிறகுதான் தூதரகம் தன் முத்திரையைக் குத்தும். இரண்டாம் தடவை போனபோது உத்தியோகத்தர் ஒருவர் பேனா மூடியால் கடவுச்சீட்டில் ஒரு எழுத்து, பட்டத்தில் ஒரு எழுத்து என்று மாறி மாறித் தொட்டுக்கொண்டு போனார். பெயர் முடியும் வரை நான் மூச்சு விடவில்லை. முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சிங்களத்தில் 'ஹரி', சரி என்றார்.

முகவர்கள் பற்றி. சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றலாம், பெயர்ப் பிரச்சினையே வராது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த நேரம் நான் இருந்த நிலையில் கிட்டத்தட்ட ஓம் சொல்லிவிட்டேன். தாய்லாந்தில் வேலை என்று போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மார் எல்லையில் மியாவடி மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்த செய்தியை அண்ணா தொலைபேசியில் காட்டி, அந்த ஆளின் இலக்கத்தை அழிக்க வைத்தார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், கையில் வேலை விசா இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பணியகத்திடமே கேட்கலாம், இலக்கம் 1989.

போன ஞாயிறு சித்தியின் மகள் வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பப் போகிறாளாம். கடவுச்சீட்டு கொண்டுவந்தியா என்று கேட்டேன். அது எதுக்கு அக்கா, நான் எங்கேயும் போகவில்லையே என்றாள். திரும்பி வெள்ளவத்தைச் சந்தி வரை நடந்துபோய் எடுத்துவரச் சொன்னேன். வந்ததும் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், அவள் எழுதினாள்.