டான்செட் கணக்கும் தாத்தாவோட அரைக்காலும்

பி.காம் முடிச்சிட்டு ரெண்டு வருசமா பாளையங்கோட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி போட்டுக்கிட்டு இருந்தேன், அதனால கணக்குன்னா நமக்கு அத்துபடின்னு ஒரு நெனப்பு. எம்பிஏ சேரலாம்னு டான்செட்டுக்கு மொத மாக் டெஸ்ட் எழுதுன அன்னைக்குத்தான் உறைச்சது, இம்புட்டு நாளும் கணக்கு போட்டதெல்லாம் கால்குலேட்டர்தான்னு.

அண்ணா யுனிவர்சிட்டி நடத்துத பரீட்சை, 100 கேள்வி, 2 மணி நேரம், ஓஎம்ஆர் தாள்ல வட்டத்த அடைக்கணும், கால்குலேட்டர் கிடையாது, தப்பா அடைச்சா மூணுல ஒரு பங்கு மார்க்க பிடிச்சிருவாங்க. நான் வீராப்பா 92 அடைச்சேன், சரி 52, தப்பு 40, அந்த நாப்பதுக்கு 13.33 போயி கைல நின்னது 38.67. கோச்சிங் சென்டர்ல ஒரு மாசம் போனேன், ஷார்ட்கட்னு அறுபது ஃபார்முலாவ ஜெராக்ஸ் போட்டு குடுத்தாங்க, பரீட்சைல எந்த ஃபார்முலா எதுக்குன்னு தேடவே நேரம் பத்தாது. நின்னுட்டேன்.

எங்களுக்கு ஊரு அம்பாசமுத்திரம். தாத்தா அந்த காலத்துல ரைஸ் மில்லுல கணக்குப்பிள்ளை, இப்பம் திண்ணையில ஈசி சேர்தான். ஒரு நா ராத்திரி ஒரு தள்ளுபடி கணக்கோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன், 840 ரூவா சாமான், மொதல்ல 20 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் 12.5 சதவீதம். ரெண்டையும் கூட்டி 32.5னு எழுதி வச்சிருக்கேன் (பி.காம்!). தாத்தா கேட்டுட்டு, "ஏலே, அஞ்சுல ஒண்ணு போனா 672, அதுல அரைக்கால் 84, மிச்சம் 588. இதுக்கு எதுக்குலே பேப்பரு?"ன்னாரு. பார்த்தா சரியா 30 சதவீதம்தான் குறைஞ்சிருக்கு.

அரைக்கால்னா எட்டுல ஒண்ணு, அதான் 12.5. காலே அரைக்கால் 37.5, அரையே அரைக்கால் 62.5, வீசம் பதினாறுல ஒண்ணு, 6.25. இதையெல்லாம் அவரு அவங்க அப்பா கிட்ட வாய்ப்பாடா படிச்சவரு. நாம சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லுத "முக்காலே மூணு வீசம்" கூட கணக்குதான், போட்டு பாருங்க, 93.75 சதவீதம் வரும். அன்னைக்கு இருந்து சதவீதத்த பார்த்ததும் பின்னமா மாத்திக்கிட்டேன். தாத்தா கிட்ட இல்லாதது ஏழுல ஒண்ணும் பதினொண்ணுல ஒண்ணும்தான், அந்த 14.28, 9.09 எல்லாம் நானா மனப்பாடம் பண்ணேன்.

ப்ராக்டீஸ் முழுக்க செங்கோட்டை பாசஞ்சர்லதான். கல்லிடைக்குறிச்சி தாண்டுனதும் பெருக்கல், வீரவநல்லூர்ல இருந்து சேரன்மாதேவி வரைக்கும் சதவீதம், பேட்டை வரும்போது நோட்ட மூடிட்டு விடையெல்லாம் சரி பார்ப்பேன். சரி பார்க்க ஒம்பது கழிக்கிற வழி இருக்குல்லா, 47 பெருக்கல் 68 வந்து 3196, 4ம் 7ம் கூட்டி 11, அத கூட்டி 2, 68க்கு அதே மாதிரி 5, ரெண்டையும் பெருக்குனா 10, அதாவது 1, 3196யும் கூட்டி சுருக்குனா 1 வரணும், வருது. ஆனா இலக்கம் இடம் மாறி இருந்தா இது காட்டிக்குடுக்காது, 3169னு எழுதி நானே ஏமாந்திருக்கேன். 75ல 16 சதவீதம்னு கேட்டா 16ல 75 சதவீதம்னு திருப்பிக்கோங்க, முக்கால்வாசி, 12, முடிஞ்சு போச்சு. எதிர் சீட்டு ஆச்சி ஒருத்தி நான் முணுமுணுக்கத பார்த்து மந்திரம் சொல்லுதியான்னு கேட்டா.

இதெல்லாம் விட பெரிய வேலை கேள்விய விடப் பழகுனதுதான். ஒரு கேள்விக்கு 72 செகண்டுதான் கணக்கு வரும், பாதில முட்டுனா கைய எடுத்துரணும், எனக்கு அது வரவே ஒன்றரை மாசம் ஆச்சு. கடைசி மாக்ல 74 தான் அடைச்சேன், 61 சரி, 13 தப்பு, மார்க் 56.67.

பரீட்சை திருநெல்வேலிலயே சென்டர் கிடைச்சது. கவுன்சிலிங் போற அளவுக்கு மார்க்கும் வந்துச்சு. எழுதிட்டு வந்த அன்னைக்கு தாத்தா எத்தனை போட்டேன்னு கேட்டாரு, 76ன்னேன். "மிச்சம் 24ம் சும்மாவாவது அடைச்சிட்டு வந்திருக்கலாம்லே?" தப்புக்கு மூணுல ஒண்ணு பிடிப்பாங்க தாத்தான்னு வெளக்குனேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "மில்லு மொதலாளி கூட இப்பிடி பிடிச்சதில்லையே"ன்னாரு.