முடிவைப் பிழையாக்கிப் பாருங்கள்

உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கம்) எடுக்கிறவர்களும், பிறகு அரசாங்கப் போட்டிப் பரீட்சைக்கு நுண்ணறிவு படிக்கிறவர்களும் வீணாகப் புள்ளி விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. சில கூற்றுகளைத் தந்து, இவற்றிலிருந்து வரக்கூடிய முடிவு எது என்று கேட்கிற கேள்விதான் அது. நான் இரண்டுக்கும் தோற்றியவள். இப்போது மல்லாவியில் எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் தம்பி தங்கச்சிமாரோடு இருந்து இதையே செய்து பார்க்கிறோம். எனக்குப் பலன் தந்த வழியைச் சொல்கிறேன்.

கேள்வி உலகத்தைப் பற்றியது இல்லை, தாளில் இருக்கிற கூற்றுகளைப் பற்றியது. ஒருநாள் பலகையில், எங்கள் பக்கத்து மரங்களான பாலை, முதிரை, பனையை வைத்து இப்படி எழுதினேன்: எல்லாப் பாலைகளும் பனைகள். சில முதிரைகள் பாலைகள். ஆகவே சில முதிரைகள் பனைகள். காட்டுக்குப் போய்ப் பாலைப்பழம் ஆய்ந்து வளர்ந்த பிள்ளைகள் விடுவார்களா? "அக்கா, பாலை எப்பிடிப் பனையாகும்?" என்று கேட்டு முழுவதையும் பிழை என்றார்கள். ஆனால் வாதம் வாய்ப்பானது. எடுகூற்று (முடிவுக்கு ஆதாரமாகத் தருகிற கூற்று) இரண்டும் பொய், முடிவும் பொய், இருந்தாலும் அந்த இரண்டையும் ஒத்துக்கொண்டவர் மூன்றாவதை மறுக்க வழியில்லை. இதற்கு எதிர்ப்பக்கம்தான் இன்னும் ஆபத்து: எல்லாப் பாலைகளும் மரங்கள், எல்லா முதிரைகளும் மரங்கள், ஆகவே எந்த முதிரையும் பாலை இல்லை. மூன்றுமே உண்மை, அதனாலேயே கண் மூடிக்கொண்டு சரி போட்டுவிடுகிறோம், ஆனால் முதல் இரண்டிலிருந்து மூன்றாவது வரவே வராது.

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? முடிவைப் பிழையாக்கப் பாருங்கள். எடுகூற்றுகள் எல்லாம் உண்மையாக இருக்க, முடிவு மட்டும் பொய்யாகிற ஒரு சின்ன உலகம் கட்ட முடிந்தால் போதும், வாதம் விழுந்துவிடும். சில ஆசிரியர்கள் விவசாயிகள், சில விவசாயிகள் கடற்றொழிலாளர்கள், ஆகவே சில ஆசிரியர்கள் கடற்றொழிலாளர்கள் என்று வந்தால், இரண்டே பேர் உள்ள உலகத்தை நினையுங்கள். ஒருவர் ஒட்டுசுட்டானில் வயல் செய்கிற ஆசிரியர், கடலுக்குப் போவதில்லை. மற்றவர் கொக்கிளாயில் வயலும் செய்து கடலுக்கும் போகிறவர், படிப்பிப்பதில்லை. வேறு ஆளே இல்லை. இரண்டு எடுகூற்றும் நிற்கிறது, முடிவு நிற்கவில்லை. வென் வரைபடம் (ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வட்டம்) கீறுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், ஆனால் பலர் முதலில் கைக்கு வருகிற படத்தோடு நின்றுவிடுகிறார்கள். முடிவுக்கு ஒத்துவருகிற படம் ஒன்று கிடைத்ததால் எதுவும் நிறுவப்படவில்லை, ஒத்துவராத படத்தைத்தான் தேட வேண்டும்.

'சில' என்றால் குறைந்தது ஒன்று, அவ்வளவுதான். சில வயல்கள் விதைத்தாயிற்று என்பதிலிருந்து, சில வயல்கள் விதைக்கவில்லை என்று எடுக்காதீர்கள்.

நிபந்தனைக் கூற்றில் ('இது நடந்தால் அது நடக்கும்' என்பதில்) நம் ஊரறிவே காலை வாரிவிடும், உதவியும் செய்யும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் கண்டாவளைப் பக்கம் வெள்ளம் வரும் என்று தந்து, வெள்ளம் வந்திருக்கிறது, ஆகவே கதவு திறந்திருக்கிறது என்று முடித்திருப்பார்கள். மாரியில் கதவு திறக்காமல், மழையே வெள்ளம் போட்டிருக்கலாம் இல்லையா? அப்படியென்றால் முடிவு வராது. வெள்ளம் வரவில்லை, ஆகவே கதவு திறக்கவில்லை என்றால் அந்த முடிவு வரும்.

விதிகளைப் பாடமாக்குவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நியாயத்தொடையில் (இரண்டு எடுகூற்றும் ஒரு முடிவும் உள்ள வாதத்தில்) மொத்தம் 256 வடிவங்கள், அரிஸ்டாட்டில் வழிவந்த மரபில் அவற்றில் வாய்ப்பானவை 24, நவீன அளவையியலில் 15 மட்டுமே. இந்த வித்தியாசம் எதனால் என்றால், 'எல்லா' என்று தொடங்கும் கூற்று அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று நவீன முறையில் உறுதி சொல்வதில்லை, அதனால் அதிலிருந்து 'சில' என்ற முடிவுக்குப் போக முடியாது. உயர்தரக்காரர் வாதம் ஏன் வாய்ப்பற்றது என்று விளக்க வேண்டிவரும், ஆகவே நடுப்பதம் (இரண்டு எடுகூற்றிலும் வருகிற பதம்) ஒருமுறையாவது வியாப்தியடைய வேண்டும் (அது குறிக்கிற எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல வேண்டும்), இரண்டு மறை ('இல்லை' என்று சொல்லும்) எடுகூற்றுகளிலிருந்து முடிவு வராது என்பவை கட்டாயம் கையில் இருக்கட்டும். ஆனால் விதி மறந்துபோன இடத்திலும் சின்ன உலகம் கைகொடுக்கும்.

பழைய வினாத்தாள் செய்யும்போது சரியான விடைக்குக் கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடாதீர்கள். தள்ளிவிட்ட ஒவ்வொரு விடைக்கும் அதைப் பொய்யாக்குகிற ஆட்களையோ மரங்களையோ பக்கத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த விடையைத் தள்ளியது சரிதானா என்று திரும்பப் பாருங்கள்.