நெட் மேனேஜ்மென்ட்: தலைமைத்துவக் கேள்விகளில் மார்க் நழுவும் இடம்

ரிசல்ட் வந்த நிம்மதியோடு, அடுத்த முறை எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யு.ஜி.சி. நெட் (கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு) மேனேஜ்மென்ட் பேப்பர் 2-ல் தலைமைத்துவமும் தொழில்நுட்பமும் மட்டும் இங்கே பார்ப்போம். நன்றாகப் படித்தவர்களே இங்கேதான் மார்க்கை விடுகிறார்கள்.

பெயரையும் கோட்பாட்டையும் ஜோடி சேர்த்து மனப்பாடம் செய்தால் போதாது. ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது? என் கணக்கில் பாதி வெற்றி இதில்தான்.

சூழலைப் பொறுத்தே தலைமை வெற்றி பெறும் என்ற ஃபீட்லரை (1967) எடுத்துக்கொள்வோம். தலைவரின் பாணி மாறாது. சூழலைத்தான் அவருக்கேற்ப அமைக்க வேண்டும். ஹெர்ஸி-பிளான்சர்டின் சூழ்நிலைத் தலைமையிலும் (1969) ஹவுஸின் பாதை-இலக்குக் கோட்பாட்டிலும் (1971) பாணியே மாறும். அசெர்ஷன்-ரீசன் (கூற்றும் காரணமும்) கேள்விகள் பல இந்த ஒரு வேறுபாட்டில் முடிந்துவிடும். எல்.பி.சி. (தனக்கு மிகப் பிடிக்காத சக ஊழியரைத் தலைவர் எப்படி மதிப்பிடுகிறார் என்ற ஃபீட்லரின் அளவுகோல்) மதிப்பெண் குறைந்தவர் வேலையை முன்னிறுத்துபவர். சூழல் மிகச் சாதகமாக இருந்தாலும் மிகப் பாதகமாக இருந்தாலும் அவரே சிறப்பார். நடுத்தரச் சூழலில்தான் உறவை முன்னிறுத்துபவர் ஜெயிப்பார். சூழல் மோசமாக மோசமாக உறவுப் பாணி தேவை என்று நேர்கோடாக நினைப்பவர்கள் தவறான விடையைத் தொடுகிறார்கள்.

பிளேக்-மௌட்டனின் தலைமைப் பாணிக் கட்டத்தில் முதல் எண் உற்பத்தி மீதான அக்கறை, இரண்டாவது மனிதர்கள் மீதான அக்கறை. 1,9 என்றால் கன்ட்ரி கிளப், அதாவது உற்பத்தியை விட்டு மனிதர்களை மட்டும் கவனிக்கும் பாணி. அவ்வளவுதான்.

தொழில்நுட்பத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பொறி வைக்கும் இடங்கள்:

- வுட்வர்ட் (உற்பத்தி முறைக்கும் நிறுவன அமைப்புக்கும் உள்ள தொடர்பு): தனி உற்பத்தி, பெருந்திரள், தொடர் உற்பத்தி என்று போகும்போது நிர்வாகப் படிநிலைகள் கூடிக்கொண்டே போகும். ஆனால் கீழ்நிலை மேற்பார்வையாளரின் ஸ்பான் ஆஃப் கன்ட்ரோல் (ஒருவரின் கீழ் உள்ளவர்களின் எண்ணிக்கை) பெருந்திரளில்தான் உச்சம். தொடர் உற்பத்தியில் இறங்கிவிடும்.
- தாம்ப்சன் (1967): பிரிவுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் மூன்று வகைகளில், பூல்டுக்கு (தனித்தனியாக இயங்குபவை) நடைமுறைத் தரப்படுத்தல், சீக்வென்ஷியலுக்கு (ஒன்றின் பின் ஒன்று) திட்டமிடல், ரெசிப்ரோகலுக்கு (இருவழியாகச் சார்ந்தவை) பரஸ்பர அனுசரிப்பு. வங்கிக் கிளைகள், அசெம்பிளி லைன், மருத்துவமனை என்று வரிசையாகப் பொருத்திப் பாருங்கள்.
- டேவிஸின் டாம் மாடல் (மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்பதற்கான மாதிரி, 1989): பயன்படுத்த எளிது என்ற எண்ணம் பயனுள்ளது என்ற எண்ணத்தைப் பாதிக்கும், பின்னது முன்னதைப் பாதிக்காது. அம்புக்குறியின் திசையைத்தான் கேட்பார்கள்.
- ரோஜர்ஸ் (புதுமையை ஏற்போரின் ஐந்து பிரிவுகள், முதலில் ஏற்பவர் முதல் கடைசியில் ஏற்பவர் வரை, சதவீதத்தில்): 2.5, 13.5, 34, 34, 16.

கால வரிசைக் கேள்விக்கு பிளேக்-மௌட்டன் 1964, வ்ரூம்-யெட்டன் (முடிவெடுப்பில் பங்கேற்பு) 1973, பர்ன்ஸ் 1978, பாஸ் 1985 (இருவரும் மாற்றத்தை உருவாக்கும் தலைமை) ஆகியவற்றையும் மேலே சொன்ன ஆண்டுகளோடு ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள். தேர்வில் முதலும் கடைசியும் உறுதியானால் பெரும்பாலும் இரண்டு ஆப்ஷன் கழிந்துவிடும். நெகட்டிவ் மார்க் இல்லை. மீதி இரண்டில் ஒன்றைக் கட்டாயம் குறியுங்கள்.